காலியான அமெரிக்கக் காங்கிரஸ் இடத்துக்கு இடைத்தேர்தல்: தேதி யார் கையில்?

கேள்வி: அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் இறந்துவிட்டாலோ விலகிவிட்டாலோ அந்த இடத்தை எப்படி நிரப்புகிறார்கள்? நியூயார்க்கில் பத்து வாரத்தில் முடிந்த வேலை டெக்சஸில் ஏன் பதினொரு மாதம் இழுத்தது?

சுருக்கமாகச் சொன்னால், தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டம் போட்ட கட்டளை. எப்போது நடத்துவது, வேட்பாளரை எப்படித் தேர்வு செய்வது, எத்தனை சுற்று என்பதெல்லாம் அந்தந்த மாகாணத்தின் சட்டம். அந்தச் சட்டம் கெடு வைக்காத இடத்தில் அது ஆளுநரின் விருப்பம். தாமதத்துக்கான காரணத்தில் பெரும்பகுதி இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

அரசியலமைப்பின் முதல் விதி, இரண்டாம் பிரிவு: ஒரு மாகாணத்தின் பிரதிநிதித்துவத்தில் காலியிடம் ஏற்பட்டால் அதன் ஆளுநர் தேர்தலுக்கான ஆணை பிறப்பிக்க வேண்டும். இங்கே நியமனத்துக்கு வழியே இல்லை. செனட்டில் அப்படியல்ல. 1913இல் வந்த 17ஆவது திருத்தத்தின்படி, மாகாணச் சட்டம் அனுமதித்தால் ஆளுநர் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம். பிரதிநிதிகள் சபையிலோ இன்றுவரை ஒருவர்கூட நியமனத்தின் வழியாக வந்ததில்லை. காலியானால் தேர்தல், தேர்தல் நடக்கும்வரை வெறும் நாற்காலி. இந்தியாவில் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் என்று மத்தியச் சட்டமே கெடு வைத்து, தேர்தல் ஆணையம் தேதி குறிக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு பொதுக் கெடுவும் கிடையாது, தேதி குறிக்கும் மத்திய ஆணையமும் கிடையாது.

இடம் காலியாவதற்கு மரணமும் ராஜினாமாவும்தான் வழக்கமான காரணங்கள். ராஜினாமாக் கடிதம் முறைப்படி போக வேண்டியது மாகாண ஆளுநருக்கு, சபாநாயகருக்குத் தகவல் மட்டும். சபை மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் ஒருவரை வெளியேற்றினாலும் காலியாகும். நியூயார்க் உறுப்பினர் ஜார்ஜ் சான்டோஸை 2023 டிசம்பர் 1 அன்று 311–114 என வெளியேற்றியது அப்படித்தான். வென்றவர் பதவியேற்கும் முன்பே இறந்துபோவதும் உண்டு: லூசியானாவில் லூக் லெட்லோ 2020 டிசம்பர் 29 அன்று கோவிட்டால் இறந்தார், அடுத்த மார்ச்சில் நடந்த தேர்தலில் அவர் மனைவி ஜூலியா வென்றார்.

இடைப்பட்ட காலத்தில் தொகுதி அலுவலகத்தைப் பூட்டிவிட மாட்டார்கள். பழைய உறுப்பினரின் ஊழியர்கள் சபையின் கிளார்க் மேற்பார்வையில் தொடர்வார்கள். பாஸ்போர்ட் தாமதம், சோஷியல் செக்யூரிட்டி சிக்கல், முன்னாள் ராணுவத்தினர் உதவித்தொகை போன்ற விவகாரங்களுக்கு அங்கே போகலாம். ஆனால் ஒரு மசோதா பற்றிக் கருத்துக் கேட்டால் பதில் வராது. கருத்துச் சொல்ல அங்கே உறுப்பினர் இல்லை, வாக்கும் இல்லை.

இனி தேதிக்கு வருவோம்.

நியூயார்க் 2021இல் சட்டத்தை இறுக்கியது. இடம் காலியான பத்து நாளுக்குள் ஆளுநர் அறிவிக்க வேண்டும், அறிவிப்பிலிருந்து 70 முதல் 80 நாளுக்குள் தேர்தல். சான்டோஸ் வெளியேறியது டிசம்பர் 1, ஆளுநர் கேத்தி ஹோக்கல் அறிவித்தது டிசம்பர் 5, வாக்குப்பதிவு 2024 பிப்ரவரி 13, அதாவது சரியாக 70ஆவது நாள். அரிசோனா சட்டத்தில் இரண்டு கட்டங்கள்: காலியானதிலிருந்து 120–133 நாளில் கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் பிரைமரி, அதிலிருந்து 70–80 நாளில் இறுதித் தேர்தல். ரவூல் கிரிஹால்வா 2025 மார்ச் 13 அன்று இறந்தார், ஜூலை 15 பிரைமரி, செப்டம்பர் 23 தேர்தல். கலிஃபோர்னியாவில் ஆளுநர் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், தேர்தல் அதிலிருந்து 126–140 நாளில், வேறொரு தேர்தலோடு சேர்த்து நடத்துவதானால் 200 நாள்வரை போகலாம். சேர்த்து நடத்தும் அந்த விதிவிலக்கைத் தவிர்த்தால், இம்மூன்று மாகாணங்களிலும் ஆளுநர் எந்தக் கட்சியானாலும் தேதியில் அவருக்குக் கிடைக்கும் இடைவெளி சில வாரம்தான்.

டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும் கதை வேறு. ஹூஸ்டனின் 18ஆவது தொகுதி உறுப்பினர் சில்வெஸ்டர் டர்னர் 2025 மார்ச் 5 அன்று இறந்தார். ஆளுநர் கிரெக் அபட் ஒரு மாதம் கழித்து அறிவித்த தேதி நவம்பர் 4. ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுன்டியின் (கவுன்டி என்பது மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் நிர்வாகக் கோளாறுகளைக் காரணம் காட்டினார். நவம்பரில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்காததால் 2026 ஜனவரி 31 அன்று இரண்டாம் சுற்று நடந்து, கிறிஸ்டியன் மெனஃபி வென்றார். மொத்தம் 332 நாள். உறுப்பினரின் பதவிக்காலமே இரண்டு ஆண்டுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். ஃபுளோரிடாவில் ஆல்சீ ஹேஸ்டிங்ஸ் 2021 ஏப்ரல் 6 அன்று இறந்தார், தேர்தல் 2022 ஜனவரி 11, இடையில் 280 நாள்.

இரண்டு இடத்திலும் ஆளுநர்கள் குடியரசுக் கட்சி, தொகுதிகள் ஜனநாயகக் கட்சியின் கோட்டைகள். அதனால் உள்நோக்கம் பேசப்பட்டது, வழக்குகளும் வந்தன. மிஷிகனிலும் ஜான் கானியர்ஸ் 2017 டிசம்பர் 5 அன்று விலகியபோது 2018 நவம்பர் 6 வரை 336 நாள் அந்த டெட்ராய்ட் தொகுதி காலியாகக் கிடந்தது. அங்கே முன்வைக்கப்பட்ட வாதம் செலவு. தனித் தேர்தல் நடத்தக் கவுன்டிகளுக்குப் பணம் வேண்டும், வழக்கமான தேர்தலோடு சேர்த்துவிட்டால் மிச்சம். செலவுக் காரணம் பொய்யல்ல. ஆனால் அது எப்போது நினைவுக்கு வருகிறது, எப்போது மறந்துபோகிறது என்பதையும் கவனித்தால் பாதி அரசியல் விளங்கிவிடும்.

தேர்தலே நடத்தாமல் விட முடியுமா? ஒஹையோவில் முயன்று பார்த்தார்கள். ஜேம்ஸ் ட்ராஃபிகன்ட் 2002 ஜூலை 24 அன்று வெளியேற்றப்பட்டதும், மிச்சம் சில மாதம்தானே என்று ஆளுநர் பாப் டாஃப்ட் தேர்தலை அறிவிக்கவில்லை. ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல், இது ஆளுநரின் கட்டாயக் கடமை, எஞ்சிய காலம் பொருட்படுத்த முடியாத அளவு குறுகியதாக இருந்தால் மட்டுமே விலக்கு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அந்தப் பதவிக்காலம் எப்போதோ முடிந்திருந்தது. நடத்த வேண்டும் என்பதைத்தான் நீதிமன்றம் உறுதிசெய்கிறது, எத்தனை நாளில் என்பதற்கு அரசியலமைப்பில் எண் எதுவும் இல்லை.

ஒரு நாற்காலி காலியாக இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். பெரும்பான்மை பெரிதாக இருந்த காலத்தில் நியாயமான கேள்விதான். அண்மை ஆண்டுகளின் கணக்கு வேறு. 2024 பிப்ரவரி 13, லாங் ஐலண்டில் சான்டோஸின் இடத்துக்கு வாக்குப்பதிவு நடந்த அதே மாலை, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் அலெஹான்ட்ரோ மயோர்காஸ் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டு சபையில் 214–213 என நிறைவேறியது. அன்று வென்ற டாம் ஸ்வாஸி சபையில் இருந்து எதிர்த்து வாக்களித்திருந்தால் 214–214. சமநிலை என்றால் தீர்மானம் தோல்வி. 2025 மே 22 அன்று டிரம்பின் பெரிய வரி மசோதா சபையைத் தாண்டியது 215–214இல். அன்றைக்கு ஜனநாயகக் கட்சியின் மூன்று இடங்கள் மரணத்தால் காலி: டர்னர், கிரிஹால்வா, முந்தின நாள் இறந்த வர்ஜீனியாவின் ஜெர்ரி கானலி. மூவரும் இருந்திருந்தால் மசோதா விழுந்திருக்கும் என்று பலர் எழுதினார்கள். அவ்வளவு எளிதல்ல. குடியரசுக் கட்சியிலும் அன்று வாக்களிக்காதவர்கள் இருவர் இருந்தார்கள், தேவைப்பட்டிருந்தால் தலைமை அவர்களைப் பிடித்து வந்திருக்கும். ஆனால் நெருக்கடி வேறு மாதிரி இருந்திருக்கும். அதே ஆண்டு மார்ச் இறுதியில் எலீஸ் ஸ்டெஃபானிக்கின் ஐ.நா. தூதர் நியமனத்தை வெள்ளை மாளிகை திரும்பப் பெற்றதும் இந்தக் கணக்கால்தான். அவர் விலகினால் ஓர் இடம் மாதக்கணக்கில் காலியாகும், அந்த இழப்பைத் தாங்கும் நிலையில் கட்சி இல்லை.

சரி, மனம் இருந்தால் எவ்வளவு விரைவாக நடத்தலாம்? ஆறு வாரத்துக்குக் கீழே வருவது கடினம். பெரிய தடை 2009ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கும் வாக்குச்சீட்டு 45 நாளுக்கு முன்பே அனுப்பப்பட வேண்டும். அதற்கு முன் வேட்பாளர் பட்டியல் முடிவாக வேண்டும், கையொப்ப மனுக்களைச் சரிபார்க்க வேண்டும், ஆட்சேபங்களைத் தீர்க்க வேண்டும், சீட்டை அச்சடிக்க வேண்டும். பிரைமரி ஒன்று இருந்தால் இதே 45 நாள் இரண்டு முறை வரும், இரண்டாம் சுற்று இருந்தால் மூன்று முறை. ஜார்ஜியாவில் 2017 ஏப்ரல் 18 தேர்தலுக்கும் ஜூன் 20 இரண்டாம் சுற்றுக்கும் இடையே ஒன்பது வாரம் விழுந்தது இதனால்தான். பிறகு ஜார்ஜியா ஒரு குறுக்குவழி கண்டது. வெளிநாட்டு வாக்காளருக்கு முதல் சீட்டோடு, வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் விருப்ப வரிசைச் சீட்டையும் அனுப்பிவிடுகிறது. இரண்டாம் சுற்றில் யார் மிஞ்சினாலும் வாக்காளர் போட்ட வரிசையைப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம், புதிதாக எதையும் அனுப்ப வேண்டியதில்லை. இடைவெளி 28 நாளாகச் சுருங்கிவிட்டது. மற்ற மாகாணங்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு என்பது என் கருத்து.

மத்தியச் சட்டத்தில் அவசரகால ஏற்பாடு ஒன்றும் உண்டு. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், சபையின் பெரும்பகுதி ஒரே நாளில் மடிந்தால் என்ன செய்வது என்ற கேள்வியில் பிறந்து 2005இல் சட்டமானது. நூறுக்கு மேற்பட்ட இடங்கள் காலி என்று சபாநாயகர் அறிவித்தால் 49 நாளுக்குள் தேர்தல். இதுவரை பயன்பட்டதில்லை.

வேட்பாளர் தேர்வுதான் அதிக விபத்துகள் நடக்கும் கட்டம். நியூயார்க்கில் இடைத்தேர்தலுக்குப் பிரைமரி கிடையாது, கவுன்டி கட்சித் தலைவர்கள் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். வேகம் கிடைக்கும், ஆனால் தொண்டர்கள் மனநிலைக்கும் தலைவர்கள் தேர்வுக்கும் இடைவெளி விழுந்தால் அடி பலமாக விழும். 2009இல் 23ஆவது தொகுதியில் குடியரசுக் கட்சித் தலைவர்கள் நிறுத்தியவர் மிதவாதியான டீடி ஸ்கோஸஃபாவா. வலதுசாரிகள் கன்சர்வேடிவ் கட்சியின் டக் ஹாஃப்மன் பின்னால் திரண்டார்கள். தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில் ஸ்கோஸஃபாவா பின்வாங்கி, மறுநாள் ஜனநாயகக் கட்சியின் பில் ஓவன்ஸுக்கு ஆதரவு தெரிவித்தார். சீட்டில் அவர் பெயர் அப்படியே இருந்தது, அதற்கும் வாக்கு விழுந்தது. ஹாஃப்மனைவிட ஓவன்ஸ் முந்திய வித்தியாசத்தைக் காட்டிலும் விலகிப்போனவருக்கு விழுந்த வாக்கு அதிகம்.

வர்ஜீனியாவில் கட்சிகள் தாமே செலவு செய்து சில இடங்களில் மட்டும் வாக்குச்சாவடி வைத்து ஒரே நாளில் தேர்வை முடிக்கின்றன. கானலியின் இடத்துக்கு ஜூன் 28 அன்று அப்படித்தான் ஜேம்ஸ் வாகின்ஷா தேர்வானார். மரணத்திலிருந்து தேர்தல்வரை 111 நாள். டெக்சஸ், ஜார்ஜியா முறையில் எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில் நிற்கிறார்கள், பாதிக்கு மேல் எடுத்தால் அன்றே முடிவு. 2017 ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆசஃப் 48.1 சதவீதம் எடுத்துத் தவறவிட்டார். இரண்டாம் சுற்றில் எதிர்முகாம் ஒன்றுசேர்ந்து கேரன் ஹேண்டல் வென்றார். இந்த முறையில் கட்சிக்குள் ஆள் குவிந்தால் ஆபத்து. இரண்டாம் சுற்றும் இல்லாத ஊரில் அது பேராபத்து. ஹவாய் 2010: ஜனநாயகக் கட்சியிலிருந்து கொலீன் ஹனபூசா, எட் கேஸ் இருவரும் நின்றார்கள், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் சேர்ந்து 58 சதவீதத்துக்கு மேல் எடுக்க, 39 சதவீதத்தோடு குடியரசுக் கட்சியின் சார்ல்ஸ் ஜூ ஜெயித்தார். ஐந்தே மாதத்தில், நவம்பரில், ஹனபூசா அந்த இடத்தை மீட்டார்.

அலாஸ்கா 2022இல் டான் யங் இறந்த பிறகு, 48 பேர் நின்ற தபால் வழி பிரைமரியில் நால்வரைப் பொறுக்கி, விருப்ப வரிசை வாக்கில் முடிவு செய்தது. நால்வரில் ஒருவர் இடையிலேயே விலகினார். மூன்றாமிடம் வந்த நிக் பெகிச்சின் வாக்குகளைப் பிரித்தபோது கணிசமானவை அதே குடியரசுக் கட்சியின் சாரா பேலினுக்குப் போகவில்லை. சில ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலாவுக்குப் போயின, சில இரண்டாம் விருப்பமே இல்லாமல் தீர்ந்துபோயின. பெல்டோலா வென்றார்.

வாக்காளரை அதிகம் குழப்புவது ஒரே நாளில் ஒரே பதவிக்கு இரண்டு தேர்தல்: மிச்சமிருக்கும் சில வாரத்துக்கு ஒன்று, அடுத்த முழுக் காலத்துக்கு இன்னொன்று. டெட்ராய்ட்டில் 2018 ஆகஸ்ட் பிரைமரியில் குறுகிய காலத்துக்கு பிரெண்டா ஜோன்ஸும் முழுக் காலத்துக்கு ரஷீதா தலீபும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனார்கள். அதே மக்கள், அதே நாள், வேறு முடிவு. முழுக் காலச் சீட்டில் போட்டியாளர்கள் கூடுதலாக இருந்ததால் வாக்குப் பிரிந்த விதமும் மாறியது. ஜோன்ஸ் நவம்பர் 29 பதவியேற்று ஜனவரி 3 அன்று விடைபெற்றார். இப்படிப்பட்ட சீட்டு கையில் வந்தால் இரண்டு கட்டங்களிலும் தனித்தனியாகக் குறியிட வேண்டும். ஒன்றில் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு.

எல்லையும் கவனிக்க வேண்டியது. காலியானது எந்த வரைபடத்தின் தொகுதியோ அந்த எல்லைக்குள்தான் இடைத்தேர்தல், நடுவில் மறுவரையறை நடந்திருந்தாலும். பென்சில்வேனியாவில் 2018 மார்ச் 13 அன்று பழைய 18ஆவது தொகுதியில் ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கில் வென்ற கானர் லாம், மாகாண உச்ச நீதிமன்றம் போட்ட புதிய வரைபடத்தால் நவம்பரில் 17ஆவது தொகுதிக்கு மாறி நின்றார். ஹூஸ்டனிலும் இதே சிக்கல்: ஜனவரி 31 இரண்டாம் சுற்று பழைய எல்லையில், ஒரு மாதம் தள்ளி மார்ச் 3 அன்று வந்த பிரைமரி 2025இல் மாற்றிய புதிய எல்லையில். ஒரே தெருவில் குடியிருப்பவர் முதலாவதில் வாக்களிக்கலாம், இரண்டாவதில் வேறு தொகுதிக்குப் போயிருக்கலாம். போன தேர்தலின் வாக்காளர் அட்டையை நம்பாமல் கவுன்டி இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

வென்றாலும் உடனே உறுப்பினர் ஆகிவிட முடியாது, சபாநாயகர் பிரமாணம் செய்துவைக்க வேண்டும். மாகாணத்தின் முறையான வெற்றிச் சான்றிதழ் வர வாரக்கணக்கில் ஆகும். ஆனால் அதிகாரபூர்வமற்ற முடிவில் சந்தேகம் இல்லை, யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று மாகாணத்திலிருந்து கடிதம் வந்தால், சபையின் ஒருமித்த சம்மதத்தோடு அதற்கு முன்பே பதவியேற்கலாம் என்பது நெடுநாள் வழக்கம். 2025இல் ஃபுளோரிடாவில் ஏப்ரல் 1 அன்று வென்ற ஜிம்மி பட்ரோனிஸும் ராண்டி ஃபைனும் மறுநாளே பதவியேற்றார்கள். செப்டம்பர் 9 அன்று வென்ற வாகின்ஷாவுக்கும் மறுநாள். செப்டம்பர் 23 அன்று தந்தையின் இடத்தில் வென்ற அடெலிடா கிரிஹால்வாவுக்கு மட்டும் ஐம்பது நாள், நவம்பர் 12 வரை. சபை கூடவில்லை, அரசு முடக்கம் என்று சபாநாயகர் மைக் ஜான்சன் சொன்னார், அரிசோனா அரசு நீதிமன்றம் போனது. பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் தொடர்பான கோப்புகளை வெளியிடக் கோரும் மனுவில் 218ஆவது கையெழுத்து அடெலிடாவுடையதாக இருக்கப்போவதுதான் காரணம் என்று எதிர்த்தரப்பு சொன்னது. பதவியேற்ற அன்றே அவர் அந்தக் கையெழுத்தைப் போட்டார்.

ஒரு நுணுக்கத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். சாதாரண மசோதாவுக்குப் பெரும்பான்மை என்பது வந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல், ஆகவே காலியிடம் தேவையான எண்ணைக் குறைக்கும். குழுவில் முடங்கிய மசோதாவைச் சபைக்கு இழுத்துவரும் மனுவுக்கு மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 218 கையெழுத்து. எத்தனை இடம் காலியானாலும் அது இறங்காது. ஆகவே காலியிடம் ஆளும் தரப்பைவிட இப்படிப்பட்ட மனுக்களைத்தான் அதிகம் நசுக்குகிறது.

முடிவுகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. டென்னசி 7ஆவது தொகுதியில் டிரம்ப் 2024இல் சுமார் 22 சதவீதப் புள்ளியில் முன்னிலை பெற்றார், 2025 டிசம்பர் 2 இடைத்தேர்தலில் அவர் கட்சியின் மேட் வான் எப்ஸ் வென்றது சுமார் 9 புள்ளியில். இதை அப்படியே அடுத்த பொதுத்தேர்தலுக்கு நீட்டுவது தவறு. இடைத்தேர்தலில் வருபவர்கள் குறைவு, வருபவர்கள் அரசியல் ஆர்வம் மிகுந்தவர்கள். எந்தக் கட்சியிடம் அப்படிப்பட்டவர்கள் அதிகமோ அதற்குச் சாதகம். பல தேர்தல்கள் ஒரே திசையில் நகர்ந்தால் மட்டும் பொருட்படுத்தலாம்.

பணம் பற்றியும் கேட்பார்கள். மத்திய தேர்தல் விதியில் நன்கொடை உச்சவரம்பு தேர்தல் ஒவ்வொன்றுக்கும் தனி. 2025–26இல் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் தரலாம். பிரைமரி, இறுதித் தேர்தல், இரண்டாம் சுற்று மூன்றும் நடந்தால் மூன்று தனி வரம்பு. கடைசி இருபது நாளில் ஆயிரம் டாலரோ அதற்கு மேலோ வந்தால் வேட்பாளர் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நன்கொடை தரக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எச்-1பி, மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஐந்து டாலர்கூடத் தரக் கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் பணம் தரலாம், வாக்களிக்க முடியாது.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ வாழும் அமெரிக்கக் குடிமக்களுக்கு அமெரிக்காவில் கடைசியாக வசித்த முகவரியின் தொகுதியில் வாக்கு உண்டு. ஃபெடரல் போஸ்ட் கார்டு என்னும் விண்ணப்பத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அனுப்பிவைத்துவிட்டால், திடீரென்று அறிவிக்கப்படும் இடைத்தேர்தலுக்கும் சீட்டு வந்து சேர வழி பிறக்கும். கேட்டும் சீட்டு நேரத்தில் வரவில்லை என்றால், அவசரத்துக்கென்று உள்ள மத்திய அரசின் பொதுச் சீட்டில் வேட்பாளர் பெயரைக் கையால் எழுதி, மாகாணம் வைத்த கெடுவுக்குள் போய்ச் சேரும்படி அனுப்பலாம்.